கண்ணாடிப் பூட்டா, உப்பு தின்ற பூட்டா: பூட்டுத் திறக்கப் பழக எதில் தொடங்குவது?

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்லூரிக்காகக் காத்திருக்கிறான். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மண்டபத்தில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்கள் ஐஸ் கம்பெனியிலும் வேலை பாதிதான். ஒரு மத்தியானம் கணக்கு நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போனை நீட்டினான். "மாமா, இந்தக் கண்ணாடிப் பூட்டு செட்ட வாங்கவா, இல்ல குடோன்ல கெடக்குற பழைய பூட்டையே எடுத்துக்கவா?"

பூட்டைச் சாவி இல்லாமல் திறந்து பார்க்கிற பொழுதுபோக்கு எனக்கு ஆறேழு வருடப் பழக்கம். வீட்டில் இன்னும் இதைக் கிறுக்கு என்றுதான் சொல்கிறார்கள். இவன் கேட்டதையே வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால், அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் அது வராது.

அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் 'பின்' பூட்டு, உள்ளே 'பின்' என்கிற சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் ஏறி இறங்குவது. நம் கடைத்தெரு ஷட்டரிலும் வீட்டு வாசலிலும் பீரோவிலும் இருப்பதோ அதிகம் லீவர் பூட்டு, உள்ளே தகடுகள் அடுக்கியது. பூட்டின் முகத்தில் '7 லீவர்', '8 லீவர்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தட்டையாக, ஒரு விளிம்பு மேடும் பள்ளமுமாக இருந்தால் பின். ஒரு தண்டு, அதன் நுனியில் கொடி பறப்பது போல வெட்டு வெட்டான தகடு என்றால் லீவர். (சாவி என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நம் சொல் திறவுகோல். எதிர்க்கரையில் இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'திறப்பு' என்றுதான் சொல்கிறார்கள்.) இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செட் வாங்கினால், வந்த கம்பி எதுவும் வீட்டுப் பூட்டுக்குள் நுழையக்கூடச் செய்யாது. எனக்கு அதுதான் நடந்தது.

பின் பூட்டில் சாவி நுழைவது ஓர் உருளைக்குள். அதன் முதுகில் வரிசையாக நாலைந்து துளைகள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், அதன் தலைமேல் இன்னொரு பின், அதற்கும் மேலே முடிக்கற்றை மாதிரி ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் கீழ்ப் பின்கள் எல்லாம் உருளையின் விளிம்புக்குச் சமமாக வந்து நிற்கும், உருளை சுற்றும். லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை வாங்கிய தட்டைச் சாவிப் பூட்டின் அமைப்பு இதுதான், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. இதில் ஒரு ஓட்டை உண்டு. அந்தத் துளைகளை எள்ளளவும் பிசகாமல் ஒரே கோட்டில் போட எந்த இயந்திரத்தாலும் முடியாது. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகாது, ஒன்றுதான் முதலில் பிடிக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து மெல்லத் தூக்கினால் 'டிக்' என்று உட்காரும். உருளை ஒரு மயிரிழை நகரும். அப்புறம் அடுத்தது பிடிக்கும். இவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் விரல்.

சரி, அந்த விரலை எதில் பழக்குவது?

கண்ணாடிப் பூட்டு என்று விற்பது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். உள்ளே பின் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். ஒரு சாயங்காலம் பார்த்து ரசிக்கலாம், உள்ளே நடப்பதை நாலு பேருக்கு விளக்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பின்னுக்கும் துளைக்கும் இடையில் இடைவெளி அதிகம் என்பதால் ரம்பப்பல் மாதிரியான ரேக் கம்பியை விட்டு நாலு ஆட்டு ஆட்டினாலே திறந்துகொள்ளும். அதைவிடப் பெரிய கெடுதல், வேலையைக் கண் செய்துவிடுகிறது. நிஜப் பூட்டில் கண்ணுக்கு வேலையே கிடையாது. மூன்று நாளில் கண்ணாடிப் பூட்டை மூடிய கண்ணால் திறந்துவிட்டேன் என்று நானும் துள்ளினேன். பித்தளைப் பூட்டை எடுத்ததும் விரல் ஊமையாகிவிட்டது.

செட்டோடு வருகிற கம்பிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மலிவான செட்டில் பதினைந்து இருபது கம்பி இருக்கும். புதியவருக்கு அதில் பயன்படப்போவது ஒரு சின்னக் கொக்கி, ஒரு ரேக், ஒன்றிரண்டு டென்ஷன் தகடு. டென்ஷன் தகடு என்பது உருளையைத் திருப்பிப் பிடிக்கும் வளைந்த தகடு. பார்க்க அற்பமாக இருக்கும், பாதி வேலை அதனுடையது. பழுது முக்கால்வாசி அங்கேதான் வருகிறது. புதியவர்கள் சாவியைத் திருப்புகிற பலத்தில் அழுத்துவார்கள். போன் திரையைத் தொடுகிற அளவுக்கு மேல் போகக் கூடாது.

அடுத்த வழி கடையில் புதுப் பூட்டு வாங்குவது. சின்னப் பித்தளைப் பூட்டு, டிரங்குப் பெட்டிக்குப் போடுகிற அளவு, பெரும்பாலும் மூன்று அல்லது நாலு பின். மலிவு. வாங்கி வந்த அன்றே ஒன்று திறந்துவிடும். ஒருமுறை ஹார்டுவேர் கடையில் ஒரு டஜன் பெட்டியைப் பிரித்து மேசையில் கொட்டிச் சாவி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி போனது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தப் பூட்டில் தைரியம் வரும், ஆனால் எந்தப் பின் எப்போது உட்கார்ந்தது என்று தெரியாமலேயே திறந்துவிடும். எப்படித் திறந்தது என்று சொல்ல முடியாவிட்டால் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஒன்று வாங்கலாம், ஆறு வேண்டாம்.

இனி என் மருமகன் கண் வைத்த குடோன் பூட்டு. இலவசம் என்பதால் எல்லாருக்கும் முதலில் இதில்தான் ஆசை. எங்கள் கரையில் பழைய பூட்டுக்குப் பஞ்சமே இல்லை. படகின் இஞ்சின் அறை, டீசல் கேன் வைக்கிற கூண்டு, வலைக் கொட்டகை, மீன் கம்பெனிப் பெட்டி என்று எங்கும் பூட்டு, எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் இறுகிவிடும். வடகடல் பக்கம் வாடைக்காற்று, தென்கடல் பக்கம் கச்சான் காற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் வருடத்தில் எந்த மாதமும் பூட்டுக்கு விடுப்பு கிடையாது. அதனால்தான் பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டி, பூட்டின் தலைக்கு மேல் முக்காடு மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். அப்படி முக்காடு போட்ட பூட்டுக்கும் போடாத பூட்டுக்கும் ஆயுளில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பழகுவதற்கு இந்தப் பூட்டு மோசமான வாத்தியார். பித்தளை உருளைக்குள் பச்சைக் களிம்பு மாவு மாதிரி அடைந்திருக்கும். பின் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். அது பூட்டின் விசையால் பிடித்திருக்கிறதா, களிம்பால் பிடித்திருக்கிறதா என்று புதிய விரலுக்குத் தெரியாது. உடனே அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் கம்பி வளையும் அல்லது நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும். போதாததற்கு, ஊரில் எல்லாரும் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெயோ இஞ்சின் ஆயிலோ ஊற்றுவார்கள். அன்றைக்கு ஓடும். அப்புறம் அந்த எண்ணெயில் கடற்கரை மணல் வந்து ஒட்டி, உள்ளே சிமெண்ட் கலவை ஆகிவிடும்.

இருந்தாலும் ஒன்றிரண்டைத் தேற்றலாம். பித்தளை உடம்பாகப் பார்த்து எடுத்து டீசலில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் சாவித்துளை கீழே பார்க்கத் தட்டினால் கறுப்பும் பச்சையுமாகக் கொட்டும். சாவி இருந்தால் உள்ளே விட்டு முன்னும் பின்னும் அசைத்து, திரும்ப ஊறப்போட்டு, கடைசியில் நன்றாக வெயிலில் காயவையுங்கள். எண்ணெய்ப் பசை போன பிறகு பென்சில் கரியைச் சீவித் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டால் போதும். கரித்தூளையும் எண்ணெயையும் சேர்த்துப் போடாதீர்கள், சேறாகிவிடும். இந்த வைத்தியம் பூட்டைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ள வேண்டியது. வீட்டுப் பூட்டுக்கும் ஆகும். அதற்காகப் பழகத் தொடங்க இந்தப் பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வளையக் கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டிருந்தால் உள்ளே எல்லாப் பின்னும் உட்கார்ந்தாலும் பூட்டு வாயைத் திறக்காது. நான் இரண்டு மாதம் அப்படி ஒரு பூட்டோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கிரைண்டர் போட்டு அறுத்துப் பார்த்தால் உருளை எப்போதோ திரும்பியிருக்கிறது.

என் சிபாரிசு நாலாவது வழி. நைட் லாட்ச் பூட்டு தெரியும்தானே, கதவின் உள்பக்கம் பெட்டி மாதிரி இருக்கும், வெளியில் ஒரு பித்தளை வட்டம் மட்டும் தெரியும். அந்த வட்டத்துக்குப் பின்னால் இருக்கிற உருளைதான் வேண்டும். புதுசாக முழுப் பூட்டும் வாங்கினால் கையைக் கடிக்கும். ராமநாதபுரத்தில் கதவு, அலுமினிய வேலை செய்கிற பட்டறைகளில் கழற்றிப் போட்டது கிடக்கும். சாவியோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குள் இருந்த கதவில் மாட்டியிருந்தது என்பதால் உப்பு அவ்வளவாகத் தின்றிருக்காது.

இதன் அருமை, பிரிக்கலாம் என்பதில் இருக்கிறது. பின்பக்கம் இருக்கிற கிளிப்பையோ திருகையோ எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை முன்பக்கம் வெளியே தள்ளலாம். தள்ளும்போது உருளை விட்டுப்போகிற இடத்தை அதே கனமான ஒரு குச்சி பின்னாலேயே வந்து அடைத்துக்கொண்டு வரவேண்டும். இல்லையென்றால் மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் துள்ளி வெளியே வந்துவிடும். முதல் தடவை எனக்கு இது தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து சட்டென்று உருவினேன். டக் டக்கென்று நாலு பின் மடியில் விழுந்தது. ஸ்பிரிங் ஒன்று தண்ணீர்ச் செம்புக்குள், ஒன்று என் சட்டைப் பையில். மீதி மூன்றும் வாசல் மணலில். காந்தத்தைக் கட்டி இழுத்துப் பார்த்தேன், இரும்புத்தூள் நிறைய வந்தது, ஸ்பிரிங் வரவில்லை. அந்த வகை ஸ்பிரிங் காந்தத்தில் ஒட்டாதது என்று பிறகுதான் புரிந்தது. அடுத்த தடவைக்கு அகப்பைக் காம்பு ஒன்றை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்து குச்சியாக்கினேன். வேலையைப் பெரிய தாம்பாளத்தில் துண்டு விரித்து அதற்குள் வைத்துச் செய்தேன். அகப்பையை வெட்டியதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

பிரித்துவிட்டால் எல்லாப் பின்னையும் எடுத்துத் தீப்பெட்டியில் வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, முதல் துளைக்கு மட்டும் ஒரு கீழ்ப் பின், ஒரு மேல் பின், ஒரு ஸ்பிரிங் போட்டு மூடுங்கள். இப்போது அது ஒரே ஒரு பின் உள்ள பூட்டு. டென்ஷன் தகட்டை வைத்து, கொக்கியால் தூக்கி, உட்கார்வதை நூறு தடவை விரலுக்குச் சொல்லிக்கொடுங்கள். அழுத்தம் குறைந்தால் பின் திரும்ப விழும், கூடினால் நகரவே நகராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தை வார்த்தையில் சொல்ல முடியாது, நூறு தடவையில் தானே வரும். இரண்டு நாள் கழித்து இரண்டாவது பின். அப்புறம் மூன்றாவது. மூன்று பின்னில்தான் எது முதலில் பிடிக்கிறது என்று தேடவேண்டிய வேலை உண்மையில் தொடங்கும். ஐந்துக்கு வருவதற்கு ஒரு தடைக்காலம் தாராளமாகப் போதும். சில உருளைகளில் மேல் பின் நேர் உருண்டையாக இல்லாமல் நூல்கண்டு மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும். அது திருடனை ஏமாற்ற வைத்தது. உருளை திரும்பிவிட்டது போலத் தோன்றி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பின் வந்தால் முதலில் எடுத்து ஒதுக்கிவையுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடலாம். கடையில் விற்கிற எந்தப் பூட்டிலும் கஷ்டத்தை இப்படிக் கூட்டவும் குறைக்கவும் முடியாது.

இதில் குறை இல்லையா என்றால் உண்டு. பிரிப்பதிலேயே பாதிப் பேர் வெறுத்துவிடுவார்கள். கண் கொஞ்சம் நன்றாக இருக்கவேண்டும், சின்ன இடுக்கி ஒன்று வேண்டும். உடனே ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கவேண்டும் என்று துடிக்கிறவர்களுக்குக் கடைப் பூட்டு ஒன்று கூடவே இருக்கட்டும்.

லீவர் பூட்டை ஏன் முதலில் வேண்டாம் என்கிறேன்? ஊரெல்லாம் அதுதானே இருக்கிறது. கோத்ரெஜ் 1897இல் பூட்டுத் தொழிலில் இறங்கியது, திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை வைத்துப் பழகினால் எவ்வளவு பெருமை! பெருமைதான். ஆனால் லீவர் பூட்டுக்குள் பின் கிடையாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. எல்லா வெட்டும் ஒரே நேரத்தில் நேராக வந்தால்தான் தாழ் நகரும். ஒரே துளை வழியாக ஒரு கம்பி தாழை அழுத்தவும் இன்னொரு கம்பி தகட்டைத் தூக்கவும் வேண்டும். அந்தக் கம்பியைப் பூட்டுக்கு ஏற்ற மாதிரி நீங்களே வளைக்கவேண்டும். பெரும்பாலான லீவர் பூட்டுகள் ரிவெட் அடித்தவை, பிரித்துப் பார்க்க வழியில்லை.

பூட்டுத் திறக்க வேண்டிய பொறுமைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், அசைக்க முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் (Chubb) என்ற நிறுவனத்தின் லீவர் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்தார். அதே வருடம், 200 கினி பரிசோடு அறுபது வருடமாகக் கடை சன்னலில் தொங்கிய பிராமா பூட்டுக்கு 16 நாளில் 51 மணி நேரம் ஆனது. அது லீவர் வகை இல்லை, வேறு. ஹாப்ஸ் பூட்டுத் தொழிலிலேயே ஊறியவர். நமக்கு 51 மணி நேரம் ஒன்றும் அதிகமில்லை என்று நான் அடிக்கடி சொல்லிக்கொள்வது இந்தக் கதையை வைத்துத்தான்.

பஜாரில் சாவி போடுபவரிடம் போய் உட்காரலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம், ஆனால் அங்கே கிடைப்பது வேறு வித்தை. அவர் கம்பி விட்டுத் திறப்பது குறைவு. வெற்றுச் சாவியை உள்ளே விட்டு இறுக்கித் திருகி, அதில் பதிந்த தடத்தைப் பார்த்து அரத்தால் ராவி, திரும்ப விட்டு, திரும்ப ராவி, கடைசியில் சாவியையே உண்டாக்கிவிடுவார். அந்த அரம் பிடிக்கும் கை வருடக்கணக்கில் வருவது. முன்பின் தெரியாத ஆளுக்கு அவர் கற்றுக்கொடுக்கவும் மாட்டார். அவர் பிழைப்பே ஊர் அவரை நம்புவதில் இருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது.

கருவி பற்றி ஒரு சொல். வாங்குவதா செய்துகொள்வதா என்றால், டென்ஷன் தகட்டைச் செய்துகொள்ளுங்கள், கொக்கியை வாங்குங்கள். பழைய கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கிற இரண்டு எஃகுப் பட்டைகளை உருவி, நுனியை இடுக்கியால் மடக்கினால் அருமையான தகடு. மெக்கானிக் ஷெட்டில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆக்சா பிளேடில் கொக்கி செய்யலாம் என்பது உண்மை. ஆனால் கிரைண்டரில் தேய்க்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் உரம் போய்விடும், நொடிக்கொரு தரம் தண்ணீரில் நனைக்கவேண்டும். பிளேடு கனமும் முக்கால் மில்லிக்குச் சற்றுக் குறைவு, நம் சின்னப் பூட்டுகளின் இடுக்கில் தடுமாறும். வாங்குகிற கொக்கியில் அதைவிட மெல்லியதும் கிடைக்கும், நுனி வழவழப்பானது.

மருமகனிடம் கறாராகச் சொன்ன விஷயம் இரண்டு. தன் பூட்டைத் தவிர வேறு பூட்டில் கை வைக்கக் கூடாது; தன் பூட்டே ஆனாலும் பயன்பாட்டில் இருப்பதில் வைக்கக் கூடாது. இரண்டாவது, பலரும் மீறுவது. நான் மீறினேன். ஐஸ் கம்பெனி ஆபீஸ் பூட்டில் சாயங்காலம் விளையாடப்போய்க் கொக்கி நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டது. விடிகாலை நாலு மணிக்கு ஐஸ் ஏற்ற வண்டி வந்து நிற்க, நாதாங்கியையே அறுத்துக் கதவைத் திறந்தோம். முதலாளி அதைச் சம்பளத்தில் பிடித்தார், நியாயம்தான். இன்னொன்று, கம்பிகளை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரியாதே என்றேன். இது கடத்தலுக்குப் பேர்போன கரை, ராத்திரி எந்த வளைவில் சோதனைச் சாவடி இருக்கும் என்று தெரியாது. பூட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழைவதும் உடைத்து நுழைவதாகவே சட்டத்தில் கணக்கு. பொழுதுபோக்கு என்று அந்த நேரத்தில் போலீசாருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கம்பி வீட்டில், பூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அவன் கண்ணாடிப் பூட்டு வாங்கவில்லை. ஒரு கொக்கி, ஒரு ரேக் மட்டும் வரவழைத்தான், பட்டறையிலிருந்து உருளை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது மூன்று பின்னில் நிற்கிறான். நேற்று போன் செய்து, மூன்றாவது பின் உட்கார்ந்ததும் முதலாவது விழுந்துவிடுகிறது என்றான். தகட்டை அழுத்துகிற விரலை மாற்று, ஆள்காட்டி விரல் வேண்டாம், நடுவிரலை வை என்று சொல்லியிருக்கிறேன்.